பல்கலைக்கழக வாசலில் நின்றுவிடும் இடஒதுக்கீடு

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே ஜவ்வாது மலைக்கும் போன் வந்துவிடுகிறது. ஜமுனாமரத்தூரிலோ நம்மியம்பட்டிலோ சிக்னல் கிடைக்கும் மேட்டில் நிற்கும் மாணவரின் எண், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “தம்பி, எங்க சேரப் போறீங்க? நம்ம யுனிவர்சிட்டியில சீட் இருக்கு. ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே பாத்துக்குறோம். ஒரிஜினல் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு நேரா வந்துடுங்க” என்கிறது அந்தக் குரல். பின்னாலேயே வாட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன: கண்ணாடிக் கட்டிடம், நீச்சல் குளம், உணவகங்கள் வரிசை கட்டிய தெரு, கோட்டு போட்ட மாணவர்கள். மலையடிவாரத்துக் காலனிகளுக்கும் இதே போன், இதே படங்கள்.

இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நம் பிள்ளைகள் தனியார் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுகிறார்கள். எங்கே விடுதி நன்றாக இருக்கிறது, எங்கே வேலை வாங்கித் தருகிறார்கள், எது ஏ பிளஸ் பிளஸ் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசுவதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இவர்களில் பலருடைய தாத்தாக்களுக்குப் பள்ளிக்கூடத்தை ஒப்பிடும் வாய்ப்பே இருந்ததில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டில் மூன்று கேள்விகள் விடுபட்டுப் போகின்றன. அந்த வளாகத்துக்குள் நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர்? எந்த வழியாக உள்ளே போனார்கள்? யார் பணத்தில் படிக்கிறார்கள்?

மலையிலிருந்து ஒரு பக்கம் இறங்கினால் திருப்பத்தூர், மறுபக்கம் போளூர், வடக்கே அமிர்தி வழியாக வேலூர். வேலூரில் நாடறிந்த தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி. இருக்கிறது. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் சமீப ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் முதல் 20 இடங்களுக்குள் வருகிறது. இந்தப் பகுதியின் எந்தப் பிள்ளைக்கும் அதில் படிக்க ஆசை வருவது இயல்பு. அங்கே பொறியியல் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு. எடுத்த தரவரிசைக்கு ஏற்ப ஐந்து கட்டண வகைகள். தரவரிசை கீழே இறங்க இறங்கக் கட்டணம் மேலே ஏறும். அதாவது முன்வரிசையில் வந்தால் கொஞ்சம் குறைந்த கட்டணம். பின்னால் வந்தாலும் இடம் உண்டு, பணம் இருந்தால். தமிழ் வழியில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மலைப் பிள்ளைக்கு இந்த ஏணியில் எந்தப் படி கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘ஸ்டார்ஸ்’ என்ற திட்டத்தை 2008-இல் வி.ஐ.டி. தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று பிளஸ் டூவில் சிறந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். எல்லாத் தனியாரும் இதைச் செய்வதில்லை, செய்கிறவர்களைப் பாராட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாவட்டத்துக்கு இருவர் என்றால் 38 மாவட்டங்களுக்கு 76 பேர். பல பத்தாயிரம் பேர் படிக்கும் வளாகம் அது. அந்த இரண்டு இடங்களுக்கும் மலைப்பள்ளி மாணவி, டியூஷன் வசதி உள்ள பிற அரசுப் பள்ளி மாணவியோடு மோத வேண்டும். நல்ல மனதோடு தரப்படும் இடத்துக்கும், உரிமையாகப் பெறும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. கொடுப்பவர் நினைத்தால் முதலாவது நாளை நின்றுபோகலாம். இரண்டாவதை நிறுத்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் விஷயம்.

2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில், அரசு நிதி பெறாத தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 93-வது திருத்தத்தைக் கொண்டுவந்து, அரசியல் சட்டத்தில் 15(5) என்ற பிரிவைச் சேர்த்தது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்கள் நீங்கலாக, தனியார் கல்வி நிறுவனங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கச் சட்டம் இயற்றலாம் என்கிறது அந்தப் பிரிவு. 2014-இல் பிரமாத்தி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, தடை எதுவும் மிச்சமில்லை. ஆனால் மத்திய அரசு 2006-இல் இயற்றிய இடஒதுக்கீட்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் பல்கலைக்கழகங்களுக்கான சட்டம் இருபது ஆண்டுகள் ஆகியும் வரவில்லை.

தமிழ்நாடு தன் பங்குக்கு 2006-இலேயே தனியார் கல்லூரிகளுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதனால்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களும் அரசுக் கலந்தாய்வுக்கு வருகின்றன. அங்கே 69 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதத்தையும் சேர்த்து, 18, பழங்குடியினருக்கு 1. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் இல்லை. நாட்டிலேயே அதிகமான நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை. மருத்துவத்தில் நிலைமை இன்னும் வெளிப்படை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ இடங்களை மத்திய அரசின் கலந்தாய்வுக் குழுவே நிரப்புகிறது. ஆனாலும் அங்கே எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு கிடையாது. கலந்தாய்வு அரசுடையது, சட்டம் மட்டும் உள்ளே வராது. இது என்ன நியாயம் என்று கேட்டால் மத்திய அரசு மாநிலத்தைப் பார்க்கிறது, மாநிலம் மத்திய அரசைப் பார்க்கிறது.

இதன் பொருள் என்ன என்பதை நம் சொந்தச் சனங்களின் கதையிலேயே பார்க்கலாம். கல்வராயன் மலைப் பக்கம் கருமந்துறையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்கு 2025-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பச்சமலைப் பக்கத்து மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.க்குப் போனார். இருவரும் பழங்குடிப் பிள்ளைகள். அவர்கள் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திறமைக்குக் கதவு திறந்தது 7.5 சதவீத பழங்குடியினர் ஒதுக்கீடு என்ற சட்டம். ஜவ்வாது மலைப் பிள்ளை சென்னை ஐ.ஐ.டி. வரை போகச் சட்டம் துணை நிற்கிறது. மலையிறங்கி அடிவாரத்துத் தனியார் பல்கலைக்கழகத்துக்குள் போக அதே பிள்ளைக்குச் சட்டம் துணையில்லை.

எண்ணிக்கை என்ன என்று கேட்பீர்கள். உயர்கல்வி குறித்த நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் தந்த அறிக்கை ஒன்று போதும். ‘சிறப்புமிகு நிறுவனம்’ என்று மத்திய அரசு பட்டம் கொடுத்த தனியார் நிறுவனங்களில் மூன்றின் விவரத்தை அது எடுத்துப் பார்த்தது: பிட்ஸ் பிலானி, ஓ.பி. ஜிந்தால், சிவ் நாடார். (சிவ் நாடார் நம் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், அந்தப் பல்கலைக்கழகம் டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது.) அங்கே படிப்பவர்களில் பட்டியல் சாதியினர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பழங்குடியினர் ஏறக்குறைய அரை சதவீதம். தனியார் உயர்கல்வி நிறுவனங்களிலும் 15, 7.5, 27 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

அரை சதவீதம் என்பது வகுப்பறையில் எப்படி இருக்கும்? அறுபது பேர் கொண்ட மூன்று வகுப்புகளைச் சேர்த்தால் ஒரே ஒருவர். வளாக வாழ்க்கை பற்றிய பேச்சு உண்மையில் இந்த ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஜவ்வாது மலையிலிருந்து போகும் மாணவருக்கு முதல் நாளே ஒரு வேடிக்கை நடக்கும். “நீ என்ன கம்யூனிட்டி?” என்று யாராவது கேட்பார்கள். “மலையாளி” என்பார். “ஓ, கேரளாவா? மலையாளம் பேசு பார்க்கலாம்” என்று சிரிப்பார்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ்ப் பழங்குடி ஒன்று இருக்கிறது, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை என்ற பழைய மாவட்டங்களில் அது பட்டியல் பழங்குடி என்ற விவரம் பக்கத்து மாவட்டத்து மாணவருக்கே தெரியாது. ஈரோடு பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகளுக்கு இன்னமும் எஸ்.டி. சான்றிதழ் மறுக்கப்படுகிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க நாலு வருஷப் படிப்பே போதாது. சேரிப் பிள்ளைக்கு வரும் கேள்வி வேறு மாதிரி. “உன் கட்-ஆஃப் எவ்வளவு?” என்பார்கள், அல்லது “ஊர்ல எந்தத் தெரு?” என்பார்கள். கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்பது இருவருக்குமே தெரியும்.

விடுதிக்கு வருவோம். பெரும்பாலான தனியார் வளாகங்களில் அறை என்பது பணத்தின் அளவு. இருவர் தங்கும் ஏசி அறை ஒரு விலை, ஆறு பேர் தங்கும் சாதா அறை இன்னொரு விலை. சாப்பாட்டுக் கூடமும் அப்படியே சைவம், அசைவம், ஸ்பெஷல் என்று பிரிகிறது. இங்கே சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பணத்தால் பிரிக்கும்போது, பழைய கோடுகளே புதிய சுண்ணாம்பில் விழுகின்றன. ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும் அந்த விடுதிக் கட்டணத்தை வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் தங்கும் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியைப் பாருங்கள். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப் படியை அரசு 2023-இல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை. இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று 2025-இல் பெயர் மாறியது. பெயர் நல்ல பெயர்தான். தட்டில் விழுவதும் அந்தப் பெயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டாமா? நம் பிள்ளைகள் தனியார் வளாகத்தின் படத்தைப் பார்த்து மயங்குவதற்கு அவர்கள் மட்டும் காரணமில்லை. உடைந்த கழிப்பறைக் கதவோடும் தண்ணீர் வராத குழாயோடும் வாழ்ந்தவர்களுக்கு, சுத்தமான ஒரு அறையின் படமே பெரிய வாக்குறுதி.

அரசு வளாகங்கள் சாதி இல்லாதவை என்று யாரும் சொல்லவில்லை. ரோகித் வெமுலா 2016-இல் உயிரிழந்தது ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில். பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவரை 2019-இல் இழந்தது மும்பை மாநகராட்சி மருத்துவக் கல்லூரி. சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக் கூடத்தில் 2018-இல் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கை கழுவும் தொட்டி என்று எழுதி ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகே எடுத்தார்கள். ஆனால் அங்கெல்லாம் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் இருந்தது. 2015-இல் அதன் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தபோது நாடே பேசியது, சில நாட்களில் அங்கீகாரம் திரும்பி வந்தது. சட்டம் ஒரு எண்ணிக்கையை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது. அந்த எண்ணிக்கை கூடிப் பேசியது, அமைப்பாயிற்று. நூற்றுக்கு அரைப் பேர் இருக்கும் இடத்தில் வாசகர் வட்டம் எப்படி உருவாகும்? வட்டம் போட ஆள் வேண்டாமா? மாணவர் பேரவைத் தேர்தலைத் தனியார் பல்கலைக்கழகங்களும் நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு சொல்லி, உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்துத் தனியார் வளாகங்களில் அப்படி ஒரு தேர்தல் நடந்ததாகக் கேள்விப்படுவது அரிது.

குரல் கொடுக்க வழியில்லாத வளாகம் என்ன செய்யும் என்பதற்குச் சின்னசேலம் பக்கத்து யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி சாட்சி. அதிகக் கட்டணம், அடிப்படை வசதி இல்லை என்று மாணவிகள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை. 2016 ஜனவரியில் மூன்று மாணவிகளின் உடல்கள் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்ட பிறகுதான் அதிகாரிகள் கல்லூரிக்குள் போனார்கள். அந்தக் கல்லூரிக்கும் மாணவர் சேர்க்கையின்போது யாரோ நம்பிக்கையாகப் பேசித்தான் இருப்பார்கள்.

இவ்வளவும் சொல்வதால், தனியார் என்றாலே ஒதுங்கிவிட வேண்டும் என்று எண்ண வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் சேர்ந்த கொலம்பியா ஒரு தனியார் பல்கலைக்கழகம்தான். பரோடா மன்னர் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை கொடுத்தார். நியூயார்க்கில் மாணவர் விடுதியில் தங்கினார், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், நூலகத்தில் உழைத்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடு திரும்ப வேண்டிவந்தது. பரோடாவில் வேலைக்குப் போனால், கொலம்பியாவில் படித்த அந்த மனிதருக்குத் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பணமும் தங்குமிடமும் உறுதியாக இருந்தபோது தனியார் பல்கலைக்கழகமே அவரை வளர்த்தது. அவை அறுந்தபோது அம்பேத்கராக இருந்தாலும் படிப்பு நின்றது. பின்னாளில் அவரே 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, மறு ஆண்டு மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அதுவும் தனியார் கல்லூரிதான்.

நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், சிதம்பரம் போய் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பள்ளியும் விடுதியுமாகப் பல தலைமுறைத் தலித் பிள்ளைகளை அது கரையேற்றியது. அதே சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மாணவர்கள் தங்கிப் படிக்கும் வளாகம் என்ற வகையில் இன்றைய தனியார் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் அது மூத்தது. நிதி நெருக்கடியில் சிக்கியதும் 2013-இல் மாநில அரசு அதை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் தனியார் காலத்துக் கட்டணமே நீடித்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 50 நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். விடுதியை மூடினார்கள், மின்சாரத்தை நிறுத்தினார்கள், மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. 2021 தொடக்கத்தில் அது மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகி, அரசுக் கட்டணம் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் கட்டிய வளாகம் பொதுச் சொத்தாக மாற முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம் அது.

இந்த ஆண்டு சேரப் போகிற மாணவருக்குக் கையில் உதவும் சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். முதலில் பலகையில் எழுதியிருக்கும் தரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கப் பணமும் பொருளும் கைமாறியதாக 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டு, ஆய்வுக்குப் போன நாக் குழுவினரையே கைது செய்தது. எல்லாப் பலகையும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் பலகையைவிட உண்மை பேசும் ஒரு தாள் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குப் போகும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விவரங்களை அதற்குக் கொடுக்கிறது. அந்தக் கோப்பு என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்திலேயே யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. மொத்த மாணவர் எத்தனை, சமூகரீதியாகப் பின்தங்கியவர் எத்தனை, முழுக் கல்விக் கட்டணத்தை அரசிடமிருந்து பெறுகிறவர் எத்தனை, நிறுவனமே கொடுத்துப் படிப்பவர் எத்தனை, எதுவுமே கிடைக்காதவர் எத்தனை என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். “ஸ்காலர்ஷிப் நாங்க பாத்துக்குறோம்” என்று போனில் சொன்னவரின் பேச்சை அந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியின் கணினி ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு வகுப்புக்கே காட்டிவிடலாம்.

அந்தத் தாளிலும் ஒரு குறை இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மூன்றையும் சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதுகிறார்கள். கட்டம் நிறைந்து தெரியும்; அதற்குள் ஒரு பழங்குடிப் பிள்ளையாவது இருக்கிறதா என்று தெரியாது. மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். நூறு மதிப்பெண்ணில் சமூக உள்ளடக்கத்துக்கு வெறும் 10 என்று வைத்திருப்பது வேறு கதை.

அடுத்தது நுழையும் வழி. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஆனால் ஒருவர் கலந்தாய்வில் வந்தவர், மற்றவர் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர். முதலாமவருக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது என்று 2017-ஆம் ஆண்டு அரசாணையே சொல்கிறது. மத்திய அரசின் விதியும் அப்படித்தான். ஏஜென்ட் கூட்டிப்போய்ச் சேர்க்கும் இடம் எது என்பதைப் பெற்றோர் பலர் கேட்பதே இல்லை. இரண்டாம் ஆண்டில்தான் தெரியவரும். அப்போது மாட்டை விற்பார்கள், வட்டிக்கு வாங்குவார்கள், பிறகு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு வரும். அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகளிலும் இதைப் பார்க்க வேண்டும். உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், அதே பாடத்துக்குச் சுயநிதிப் பிரிவில் இன்னொரு கட்டணம்.

சான்றிதழ் விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார், எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. பாகுபாடு காட்டினால் புகார் வாங்க ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு விதி. அது தனியாருக்கும் பொருந்தும். சேரும் அன்றே அவர் பெயரையும் அறை எண்ணையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

இவையெல்லாம் இருக்கிற வேலிக்குள் தப்பிக்கும் வழிகள். வேலியையே நகர்த்தும் வேலை அரசிடம் இருக்கிறது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் வேண்டும் என்ற நிபந்தனையை, மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சி, பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைக்கவும், இப்போதுள்ள கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் அது வழி செய்தது. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் அப்படி மாறிப்போனால் அங்குள்ள ஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் என்னாகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் கேட்டார்கள். மறுஆய்வு செய்வோம் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார். அறிவிப்பு நல்லது. ஆனால் மறுஆய்வு என்பது கைவிட்டதாகாது.

தனியார் நிறுவனங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அரசு எங்களுக்கு என்ன கொடுத்தது, நாங்கள் ஏன் இடம் ஒதுக்க வேண்டும்?” பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை அரசு கொடுத்தது. அறக்கட்டளை என்ற பெயரில் வரிச் சலுகை கொடுத்தது. பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன் நேராக அவர்கள் கணக்குக்குத்தான் போகிறது. நிலத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1892-இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு இன்று யார் யார் வளாகத்துக்குள் இருக்கிறது என்று அளந்து சொல்ல அரசுக்கு எத்தனை நாள் ஆகும்?

மலையின் புலியூர்ப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024-இல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். முதல்வர் முதல் எல்லாரும் வாழ்த்தினார்கள், மலையே பூரித்தது. அதே மலையில்தான் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் மேஸ்திரியும் ஏறி இறங்கினான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். படிப்பைப் பாதியில் விட்டுக் கடனோடு ஊர் திரும்பும் பையனுக்கு அடுத்து வரும் போன் யாருடையது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டண விவகாரத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே இரண்டு. ஜவ்வாது மலைக்கு அப்படித் தனித்தொகுதி இல்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு ஜமுனாமரத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மறுஆய்வுக்குப் போன மசோதா திரும்பி வரும்போது தனியார் பல்கலைக்கழகத்தின் எத்தனை இருக்கைகளுக்கு 69 சதவீதம் பொருந்தும், 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கே உண்டா, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் கேட்டு டெல்லிக்குத் தீர்மானம் போகுமா என்ற மூன்றையும் அவர்களிடம் இப்போதே கேட்டு, பதிலை எழுதி வாங்கிவைக்கலாம்.